சண்டை வர்ணனையாளருக்கு எதற்கு இத்தனை உபதொழில்?

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன், குத்துச்சண்டைக்கும், குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ போட்டிகளுக்கும் வர்ணனையாளர் ஆகப்போகிறேன் என்கிறான். அதோடு கிதார், செல்போனில் பாட்காஸ்ட் என்று வேறு அலைகிறான். ஒன்றில் நிலையாக நில்லடா என்றால், வெளிநாட்டில் பேர் வாங்கிய வர்ணனையாளர்கள் எல்லாரும் நாலு வேலை பார்க்கிறார்கள் என்று பட்டியல் போடுகிறான். இது பிழைப்புக்கு ஆகுமா?"

தம்பி போடும் பட்டியல் பொய்யில்லை. ஆனால் அதை அவர் தலைகீழாகப் படிக்கிறார் என்று நினைக்கிறேன். வர்ணனையில் பேர் வாங்கிய பிறகு பொழுதுபோக்காக மற்ற வேலைகளில் இறங்கினார்கள் என்பது அவர் எண்ணம். நடந்தது பெரும்பாலும் வேறு. மற்ற வேலைதான் முதலில் இருந்தது. வர்ணனை அதன்மேல் வந்து உட்கார்ந்தது. வர்ணனை கைவிட்டபோது தாங்கிப் பிடித்ததும் அந்த மற்ற வேலைதான்.

ஜோ ரோகனையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனின் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும். சிறுவயதில் டேக்வாண்டோ, பிறகு மேடை நகைச்சுவை, அதன்பின் தொலைக்காட்சித் தொடரில் நடிப்பு. 1997இல், எம்எம்ஏ போட்டிகள் நடத்தும் அமெரிக்க நிறுவனமான யுஎஃப்சியின் 12ஆவது நிகழ்ச்சியில், போட்டி முடிந்து வரும் வீரர்களைப் பேட்டி காண்பவராகத்தான் நுழைந்தார். வர்ணனை மேசையில் உட்கார்ந்தது 2002இல். முதல் சில நிகழ்ச்சிகளுக்குச் சம்பளமே வாங்கவில்லை, நண்பர்களுக்கு நல்ல இருக்கை கிடைத்தால் போதும் என்று பேசினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்ல அவரால் முடிந்தது, ஏனென்றால் அரிசி பருப்புக்கு நகைச்சுவை மேடையும் தொலைக்காட்சியும் இருந்தன. 2009 கடைசியில் பாட்காஸ்ட் தொடங்கினார். 2020இல் ஸ்பாட்டிஃபை நிறுவனம் அதைப் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் செய்தது. இன்று அவருக்கு வர்ணனைதான் உபதொழில். ஆண்டுக்குச் சில பெரிய நிகழ்ச்சிகளுக்கு மட்டும் வருகிறார்.

எனக்கு இவரைவிடப் பிடித்தவர் ஆல் பெர்ன்ஸ்டைன். சிகாகோவில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். 1980இல் ஈஎஸ்பிஎன் சேனல் குத்துச்சண்டை ஒளிபரப்பைத் தொடங்கியபோது நிபுணராகப் பேசப்போய், பல பத்தாண்டுகள் அங்கும் பிறகு ஷோடைம் சேனலிலும் நிலைத்துவிட்டார். 2012இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழரங்கத்தில் இடம் கிடைத்தது. இவர் பாடகரும்கூட. லாஸ் வேகஸ் மேடைகளில் பாடியிருக்கிறார், பாட்டுத்தட்டு வெளியிட்டிருக்கிறார். அவருடைய வர்ணனையைக் கேட்டால், எங்கே மூச்சு விடவேண்டும், எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்தவேண்டும் என்பதெல்லாம் பாட்டுக்காரருக்கு உரிய கணக்கோடு வருவது புரியும். உங்கள் வீட்டுக் கிதாரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது பெயர் மாரோ ரனாலோ. கனடாக்காரர். 16 வயதில் உள்ளூர் மல்யுத்த நிகழ்ச்சியில் மைக் பிடித்தவர். ஜப்பானில் நடந்த பிரைட் எம்எம்ஏ போட்டிகள், ஷோடைம் குத்துச்சண்டை, டபிள்யூடபிள்யூஈ மல்யுத்தக் காட்சி என்று எல்லா வகைச் சண்டைக்கும் பேசியவர்கள் உலகத்திலேயே குறைவு. அதில் இவர் ஒருவர். 2017 ஆகஸ்டில் குத்துச்சண்டை வீரர் மேவெதரும் எம்எம்ஏ வீரர் மக்கிரெகரும் மோதியபோது ஒலித்த குரல் இவருடையது. இருமுனைக் கோளாறு என்ற மனநோயோடு வாழ்பவர். அதை மறைக்காமல், தன் நோயின் கடுமையான நாட்களைக் கேமரா முன்னால் காட்டி, 2018இல் ஓர் ஆவணப்படம் வரச் சம்மதித்தார். படைப்பு வேலை என்றால் பாட்டும் கூத்தும் மட்டும் இல்லை. மேசையில் ஆரவாரமாகப் பேசுகிறவர், மேசைக்கு வெளியே தன்னைப் பற்றி உண்மை பேசியதும் அதில் சேர்த்திதான். அந்தப் படத்தைத் தம்பி பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். இந்தத் தொழிலின் பயணமும் தூக்கமின்மையும் ஓர் ஆளை என்ன செய்யும் என்பது அதில் தெரியும்.

இவர்களுக்கெல்லாம் இரண்டாவது வேலை ஏன் தேவைப்பட்டது? மைக் அவர்களுடையது இல்லை என்பதால்தான். ஜிம் லாம்ப்ளி 1988இலிருந்து 30 ஆண்டுகள் அமெரிக்காவின் எச்பிஓ சேனலில் குத்துச்சண்டைக்குப் பேசினார். 1990இல் டோக்கியோவில் மைக் டைசனை பஸ்டர் டக்ளஸ் வீழ்த்தியபோது பேசியவர் அவர்தான். 1994இல் 45 வயது ஜார்ஜ் ஃபோர்மன் மீண்டும் பட்டம் வென்றபோதும் அவர்தான். 2018 டிசம்பரில் எச்பிஓ குத்துச்சண்டையையே நிறுத்திவிட்டது. சேனலுக்கு அது ஒரு வணிக முடிவு, அவருக்கு வாழ்நாள் வேலை. தான் படித்த நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பாடம் நடத்தினார், நினைவுக் குறிப்பு எழுதினார். 2025இல்தான் மறுபடி மைக் கிடைத்தது. ஷோடைமும் 2023 கடைசியில் குத்துச்சண்டைக் கடையை மூடியது. யுஎஃப்சியின் அடையாளக் குரலாக 20 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக இருந்த மைக் கோல்ட்பர்க், 2016இல் நிறுவனம் கைமாறிய சில மாதங்களில், அந்த ஆண்டின் கடைசி நிகழ்ச்சியோடு வெளியேறினார். பெரிய வழியனுப்பு எதுவும் இல்லை. இவர்களில் யாரும் வேலையில் குறைவைத்ததால் வெளியே வந்தவர்கள் அல்லர்.

வெளிநாட்டுக் கதை போதும். நம்மிடமும் இதே வழி இருந்திருக்கிறது. அகில இந்திய வானொலியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இரண்டு பெயர்கள் மறக்காது. ஒருவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். வானொலி நாடக நடிகர், எழுத்தாளர். அந்த நாடகக் குரல்தான் மைதானத்துக்குப் போனது. இன்னொருவர் கூத்தபிரான். 'வானொலி அண்ணா' என்று குழந்தைகள் அழைத்தவர், சிறுவர் நாடகங்கள் எழுதியவர். பந்து எங்கே போகிறது என்பதைப் பார்க்காதவருக்குப் புரியவைக்கும் திறமை, குழந்தைக்குக் கதை சொல்லிச் சொல்லி வந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். இவர்கள் யாரும் வர்ணனையை மட்டும் நம்பி இருந்தவர்கள் இல்லை. அந்தக் காலத்தில் நம்பியிருக்கவும் முடியாது.

இப்போது வாய்ப்பு கூடியிருக்கிறதா என்றால், கூடித்தான் இருக்கிறது. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ்ச் சேனல் வந்தது. 2021இல் சோனி தமிழுக்கும் தெலுங்குக்குமாக ஒரு விளையாட்டுச் சேனல் தொடங்கியது. 2014இல் தொடங்கிய புரோ கபடி, மாலை நேரத்தில் தமிழ் வீடுகளில் கபடி வர்ணனையைக் கொண்டுவந்து நிறுத்தியது. எம்எம்ஏவில் 2012இல் சூப்பர் ஃபைட் லீக், 2019இல் மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் என்று உள்நாட்டுப் போட்டிகள் வந்தன. உத்தராகண்ட் மலைப்பகுதியிலிருந்து வந்த அன்ஷுல் ஜூப்ளி 2023இல் யுஎஃப்சி ஒப்பந்தம் பெற்றார். 2024 ஜூனில் பூஜா தோமர் யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். ஆனால் ஒரு சேனலில் தமிழில் சண்டைக்குப் பேச எத்தனை பேர் வேண்டும்? ஒரு மேசைக்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். அந்த நாற்காலிகளில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் நாற்காலி காலியாகும்வரை என்ன செய்வது என்பதுதான் தம்பி யோசிக்கவேண்டிய விஷயம்.

என்னிடம் கேட்டால், மலையைவிட்டு இறங்கவேண்டாம் என்பேன். குறைந்தது முதல் சில ஆண்டுகளுக்கு.

பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் கபடிப் போட்டிகளில் மைக் பிடித்துப் பழகியவன் என்பதால் இதைச் சொல்கிறேன். ஊர்க் கபடியில் மைக் பிடிப்பவருக்கு வேலை வர்ணனை மட்டும் இல்லை. மேசைமேல் ஒரு பக்கம் அணிகளின் பெயர்ச்சீட்டு, இன்னொரு பக்கம் நன்கொடையாளர் பெயர்ச்சீட்டு. ரைடர் கோட்டைத் தாண்டும் நேரம் பார்த்து விழாக் குழுவினர் ஒருவர் குனிந்து, "முதல் பரிசு கொடுத்தவர் பெயரை இன்னொரு தடவை சொல்லிவிடுங்கள் அண்ணே" என்பார். சொல்லவும் வேண்டும், ஆட்டத்தையும் விடக்கூடாது. நடுவே ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்த வேனை வழியிலிருந்து எடுக்கச் சொல்லவேண்டும். தொலைக்காட்சியில் காதில் தயாரிப்பாளர் பேசிக்கொண்டிருக்க, கண் வளையத்தில் இருக்க, வாய் விளம்பர இடைவேளைக்கு இழுத்துப்போகும் வேலை இதே வேலைதான். இதற்கு எந்தப் பயிற்சி நிலையமும் தேவையில்லை.

மலைக்கே உரிய இன்னொரு பாடமும் உண்டு. மாலை நாலு மணிக்கு மேல் மூடுபனி ஏறினால், மேசையிலிருந்து எதிர்க் கார்னரில் நிற்கும் ஆள் தெரியமாட்டார். சட்டை நிறம்கூட மங்கிவிடும். "கபடி, கபடி" என்ற பாட்டுச் சத்தம் எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே அறுபடுகிறது, மண்ணில் எத்தனை பேர் ஒன்றாக விழுந்த சத்தம் கேட்கிறது, நடுவரின் விசில் ஒற்றையா இரட்டையா என்பதை வைத்துத்தான் சொல்லவேண்டும். ரைடர் பிடிபட்டாரா தப்பினாரா என்பதைப் பனி விலகுவதற்குள் நான் சொல்லியாகவேண்டும், கூட்டம் எனக்காகத்தான் காத்திருக்கும். காதால் ஆட்டம் பார்க்கப் பழகியவருக்குக் குத்துச்சண்டை மேசையில் பெரிய உதவி உண்டு. குத்து கையுறைமேல் விழுந்ததா, விலாவில் விழுந்ததா என்பதைக் கண்ணைவிடக் காது முந்திச் சொல்லும். கையுறைமேல் விழுந்தால் தட்டையான சத்தம், உடம்பில் விழுந்தால் அமுங்கின சத்தம், அதோடு சேர்ந்து மூச்சு வெளியேறுவதும் கேட்கும்.

இறங்கியே ஆகவேண்டும் என்றால், தை மாதத்தில் திண்டுக்கல், மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டுக்குப் போகட்டும். மாடு பிடிக்க இல்லை, வர்ணனை கேட்க. வாடிவாசல் திறந்து மாடு வெளியே வந்து போவது சில நொடி. அதற்குள் யார் வீட்டுக் காளை, எந்த ஊர், என்ன பரிசு, திமிலைத் தொட்ட வீரரின் எண் என்ன, பிடிமாடா, மாடு ஜெயித்ததா என்று எல்லாம் சொல்லியாகவேண்டும். அந்தச் சில நொடிச் சிக்கனம் எம்எம்ஏ வர்ணனைக்கு அப்படியே பொருந்தும். அங்கேயும் நின்று மோதிக்கொண்டிருப்பவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் தரையில் கிடப்பார்கள்.

பயிற்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சண்டைகளைச் சத்தம் அணைத்துப் போட்டு, தமிழில் பேசிப் பதிவு செய்யட்டும். ஒரே சண்டைக்கு இரண்டு விதமாகப் பேசிப் பார்க்கட்டும்: ஒருமுறை வானொலிக்கு, ஒருமுறை தொலைக்காட்சிக்கு. வானொலியில் இடைவெளி விட்டால் ஆட்டமே நின்றுவிட்டது என்று கேட்பவர் நினைப்பார். தொலைக்காட்சியில் இடைவெளி விடாமல் பேசினால் எரிச்சல்தான் வரும். சம்பவத்தைச் சொல்லும் வர்ணனையாளர், நுணுக்கம் விளக்கும் நிபுணர், வளையத்தின் நடுவே நின்று வீரர் பெயரை முழங்கும் அறிவிப்பாளர் ஆகிய மூவரும் வேறு வேறு ஆட்கள். தம்பிக்கு இதில் எது என்பதைச் சீக்கிரம் தெரிந்துகொள்வது நல்லது. நிபுணர் நாற்காலி பெரும்பாலும் ஓய்வுபெற்ற வீரர்களுக்குத்தான் போகிறது. சண்டை போடாதவருக்கு உள்ள வழி முதல் நாற்காலிதான். இருந்தாலும் சில மாதமாவது குத்துச்சண்டை கற்றுக்கொள்ளட்டும். மூன்று நிமிடச் சுற்று எவ்வளவு நீளம் என்பது கையைத் தூக்கிக் காவல் பிடித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். தொழில்முறைக் குத்துச்சண்டையில், சுற்றில் வென்றவருக்குப் பத்தும் தோற்றவருக்கு அதைவிடக் குறைவாகவும் கொடுக்கும் பத்துப் புள்ளி முறையில் ஒரு சுற்றை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் மனப்பாடமாக்கிக்கொள்ளவேண்டும். சுற்றுகளுக்கு இடையில் கிடைக்கும் ஒரு நிமிடத்தில்தான் வர்ணனையாளரின் சரக்கு தெரியும்.

தமிழில் சண்டைக்குச் சொல் பஞ்சம் என்று சிலர் சொல்வார்கள். சிலம்பக் களத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றால் அந்தப் பேச்சு எடுபடாது. சுவடு, வீச்சு, தொடுமுறை, வரிசை என்று கால் வைப்புக்கும் கை வீச்சுக்கும் அங்கே பெயர்கள் இருக்கின்றன. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. ஜாப் (நேர்க்குத்து), ஹுக் (வளைத்து விடும் குத்து) போன்ற சொற்களை மாற்றவேண்டிய அவசியம் இல்லை, வடசென்னையில் தலைமுறை தலைமுறையாக அவை புழங்குகின்றன. ஆனால் ஒரு வீரர் எதிராளியின் பாதத்துக்கு வெளியே கால் வைத்து ஏமாற்றுவதைச் சொல்லச் சிலம்ப வாத்தியாரின் பேச்சு கைகொடுக்கும்.

இனி உபதொழிலுக்கு வருகிறேன். கிதாரைத் தடுக்காதீர்கள், பாட்காஸ்ட்டைத் தடுக்கவே தடுக்காதீர்கள். ஆனால் பாட்காஸ்ட்டில் என்ன பேசுகிறார் என்று கேளுங்கள். யுஎஃப்சியில் நேற்று யார் ஜெயித்தார், நாளை யார் ஜெயிப்பார் என்று பேசினால், அதையே பேசும் ஆயிரம் பேரில் இவரும் ஒருவர். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பழைய கபடி ஆட்டக்காரர்கள் இன்றும் பூண்டு வயலில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரை உட்காரவைத்து, முழங்கால் எப்படிப் போயிற்று, எந்த ஊர் அணியோடு பகை, எந்த நடுவரின் தீர்ப்பு இன்னும் செரிக்கவில்லை என்று கேட்டுப் பதிவு செய்தால் அது வேறு யாரிடமும் கிடைக்காது. நம் மலையிலிருந்து ஒலிபரப்பாகும் கொடை பண்பலை 100.5, உயரத்தின் தயவால் எத்தனையோ மாவட்டங்களுக்குக் கேட்கிறது. அதில் பகுதிநேர அறிவிப்பாளர் தேர்வு அறிவிப்பு வந்தால் தவறாமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். குரல் தேர்வில் தேறாவிட்டாலும், தன் உச்சரிப்பில் ல, ள, ழ எங்கே இடறுகிறது என்பது தெரிந்துவிடும்.

பாட்காஸ்ட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. சண்டை விளையாட்டில் பல இடங்களில் போட்டி நடத்துகிற நிறுவனமே வர்ணனையாளருக்குச் சம்பளம் கொடுக்கிறது, யுஎஃப்சியும் அப்படித்தான். வீரர்களுக்குக் கொடுக்கும் பணம் குறைவு, தீர்ப்பு மோசம், போட்டிப் பொருத்தம் அநியாயம் என்று மேசையில் பேச முடியாது. சொந்த நிகழ்ச்சியில் பேசலாம். பேசினால் மேசைக்கு மறுபடி கூப்பிடுவார்களா என்பது வேறு விஷயம். இந்த இழுபறியில் ஆளாளுக்கு ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஹவர்ட் கோசெல் என்பவர் இருந்தார். வக்கீலுக்குப் படித்தவர். 1973இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜோ ஃப்ரேசியரை ஃபோர்மன் இரண்டே சுற்றில் ஆறு தடவை வீழ்த்தியபோது அவர் கத்திய கத்தல் இன்றும் பலருக்கு நினைவிருக்கிறது. அதே கோசெல் 1982 நவம்பரில் ஹூஸ்டனில் லாரி ஹோம்ஸ், ராண்டல் காப் என்பவரை 15 சுற்றும் ஒருபக்கமாக அடித்துக்கொண்டிருந்ததை மைக்கில் கண்டித்துக்கொண்டே இருந்தார். நடுவர் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார். அதற்குப் பிறகு தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் பேசுவதையே விட்டுவிட்டார். அவரால் விட முடிந்ததற்குக் காரணம், அவருக்கு வேறு நிகழ்ச்சிகளும் வேறு வருமானமும் இருந்தன. அடிபட்டுச் சரிகிற பையனின் தலையைப் பார்த்துக்கொண்டே ஆர்ப்பரிக்க மனம் வராத நாள் ஒன்று தம்பிக்கும் வரும். அந்த நாளில் எழுந்து போகவோ, இருந்து கண்டிக்கவோ அவருக்கு வேறு சோறு இருக்கவேண்டும்.

ஆகவே பிழைப்புக்கு ஆகுமா என்ற கேள்விக்கு என் பதில்: வர்ணனை மட்டும் என்றால் ஆகாது, அல்லது ஆகப் பல வருடம் பிடிக்கும். பட்டப்படிப்பை முடிக்கட்டும். அது எந்தப் பாடம் என்பது பெரிதில்லை, தமிழும் ஆங்கிலமும் கைக்குள் இருந்தால் மொழிபெயர்ப்பு, துணைத்தலைப்பு எழுதுவது, விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பது என்று சிறுசிறு வேலைகள் கிடைக்கும். இந்தியும் கொஞ்சம் வந்தால் வடக்கே நடக்கும் போட்டிகளில் வீரர்களிடம் நேரடியாகப் பேசலாம். எடை பார்க்கும் நாளில் வீரரிடம் பேசிய வர்ணனையாளருக்கும், காகிதத்தைப் பார்த்து வாசிப்பவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் சுற்றிலேயே தெரியும். குரலைப் பார்த்துக்கொள்ளட்டும். கொடைக்கானல் மார்கழிக் காற்றில் கழுத்துத்துணி இல்லாமல் திறந்தவெளியில் மூன்று மணி நேரம் கத்தினால் மறுநாள் பேச்சே வராது. வெந்நீர் கையோடு இருக்கவேண்டும். பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மைக்கை மாற்றிக்கொள்ளும் பழக்கமும் வேண்டும்.

கடைசியாக, பணம் வாங்கும் முதல் வேலை வரும்போது ஒப்பந்தத்தை நீங்களும் உட்கார்ந்து படியுங்கள். பதிவை எத்தனை காலம், எங்கெல்லாம் பயன்படுத்துவார்கள், சொந்தமாகப் பாட்காஸ்ட் நடத்தத் தடை உண்டா, குரலை வைத்துக் கணினியில் புதுக் குரல் உருவாக்க அனுமதி கேட்கிறார்களா என்ற மூன்றையும் பாருங்கள். இரண்டாவதற்குத் தடை போட்டிருந்தால் அதை நீக்கச் சொல்லிக் கேட்கட்டும். மூன்றாவது இருந்தால் கையெழுத்துப் போடவேண்டாம், எவ்வளவு பெரிய சேனலாக இருந்தாலும் சரி.